மலைநாட்டில் டர்போ கார்: புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்போடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த மெலிந்த காற்றை வைத்தே சமாளிக்க வேண்டும். அதனால்தான் காலி வீதியில் துடிப்பாக ஓடிய 1000 சிசி கார், குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் ரம்பொடை ஏறும்போது திணறுகிறது. டர்போ உள்ள காரில் வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சின்னச் சக்கரம் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. மேலே போகப் போகக் காற்று மெலிந்தாலும் அந்தக் குறையை டர்போ பெருமளவு ஈடுகட்டிவிடும். நம் மலைகளுக்கு இது பொருத்தமான கார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அந்த ஈடுகட்டலுக்கு ஒரு விலை இருக்கிறது. காற்று மெலிய மெலிய, அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சாதாரணமாகவே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் பொருள் அது. சின்னக் கார்களில் உள்ள சின்ன டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். அந்த வேகத்தில் அதன் தண்டைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான். ஆகவே மலைநாட்டில் டர்போ கார் வைத்திருப்பவருக்கு முதல் வேலை ஒயில், அப்புறம்தான் மற்றதெல்லாம். கொழும்பில் ஓடும் காருக்குப் போடுகிற சர்விஸ் கணக்கை இங்கே ஓடும் காருக்குப் போடக்கூடாது.

வாங்கும் முன்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் பழைய கார்ச் சந்தையில் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் டர்போ கார்கள் பெரும்பாலும் அந்தத் தடைக்கு முன் வந்தவை. 660 சிசி வெகன் ஆர் ஸ்டிங்ரே டர்போ, ஒரு லீற்றர் ஸ்விஃப்ட், ஒரு லீற்றர் சிவிக், அவுடி ஏ1 என்று பல உண்டு. 1000 சிசிக்குள் வரி குறைவு என்பதே இவை இவ்வளவு வந்ததற்குப் பெரிய காரணம். எல்லாமே வயதேறியவை. ரப்பர் ஹோஸ்கள் இறுகத் தொடங்கும் வயது அது.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நான் வந்து பாக்குற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்." போனதும் பொனட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஏதோ ஒன்றை மறைக்க முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது சாதாரணம், சூடேறியதும் மறைந்துவிடும். மறையாமல் இனிப்பு வாசத்தோடு தொடர்ந்து வந்தால், எஞ்சினை ஆற்றும் திரவமான கூலன்ட் எரிகிறது. ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு அக்சிலரேட்டரை மிதிக்கும்போது நீலப்புகை அள்ளிக்கொண்டு வந்தால் டர்போவின் சீல் வழியாக ஒயில் கசிகிறது என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது டர்போவில் இருந்து, அது அழுத்திய சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குப் போகும் தடித்த ஹோஸ். அதன் இணைப்புகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். இலேசான ஒயில் ஈரம் இருக்கலாம். சொட்டுகிற அளவுக்கு இருக்கக்கூடாது. ஹோஸை அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும். மரக்கட்டை போல இறுகி, மடிப்புகளில் நூலிழை வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஓட்டிப் பார்ப்பது கட்டாயம் ஏற்றத்தில்தான். சமதரையில் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். பாரத்தோடு ஏறும்போது "உஸ்" என்று காற்று ஒழுகும் சத்தம் வந்து இழுவை குறைந்தால் ஹோஸில் ஓட்டை. ஊளையிடும் சைரன் சத்தம் என்றால் டர்போவின் தாங்கியே தேய்ந்திருக்கலாம். முடிந்தால் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். டர்போ அழுத்தம் போதவில்லை என்பதற்கான குறியீடு பி0299 (P0299). கார்க் கணினியின் நினைவகத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறியீடுகள் எல்லாமே நேற்றுத்தான் அழிக்கப்பட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

இன்னொன்று, எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பீஜோவின் 1.2 பியூர்டெக் போன்ற எஞ்சின்களில் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தவறான ஒயில் போட்டாலோ, மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட்டின் ரப்பர் உதிர்ந்து ஒயில் பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும். ஒயில் ஏறாது, டர்போவும் போகும், எஞ்சினும் போகும். இப்படிப்பட்ட எஞ்சின் என்றால் சர்விஸ் பதிவுகள் இல்லாமல் வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

முன்னைய உரிமையாளர் "போன மாசம்தான் சர்விஸ் பண்ணினோம்" என்று சொன்னாலும், ஒயில், ஒயில் ஃபில்டர், எயார் ஃபில்டர், பிரேக் ஒயில், கூலன்ட் ஐந்தையும் மாற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டர்போ எஞ்சின்களுக்குக் குறிப்பிட்ட இலக்கப் பிளக்தான் போட வேண்டும். கடைக்காரர் "இதுவும் சரிவரும்" என்று வேறொன்றைத் தந்தால் வாங்க வேண்டாம். அன்றைய திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இனி எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

அப்புறம் கையேடு. ஜப்பானில் இருந்து வந்த காரின் கையேடு ஜப்பானிய மொழியில் இருப்பதால் பலர் அதைத் திறப்பதே இல்லை. தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியால் பராமரிப்புப் பக்கத்தைப் படம் பிடித்துப் படித்துப் பாருங்கள். "கடினப் பாவனை" என்று ஒரு பகுதி இருக்கும். குறுகிய தூர ஓட்டம், புழுதி வீதி, ஏற்ற இறக்கமான மலைப்பாதை என்று அதில் வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். மஸ்கெலியாவிலோ ராகலையிலோ பொகவந்தலாவையிலோ இருக்கும் ஒருவரின் அன்றாட ஓட்டம் இந்த மூன்றுக்குள்ளும் வந்துவிடுகிறது. ஜப்பானியக் கம்பனிகள் தங்கள் நாட்டு பெற்றோல் டர்போக்களுக்குப் பொதுவாகச் சொல்லும் ஒயில் கணக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். கடினப் பாவனை என்றால் அதில் பாதி. "பத்தாயிரம் ஓடலாம்" என்று கடைகளில் சொல்லும் கணக்கு நமக்கு உதவாது.

நான் சொல்லும் வழி இது: முழு சிந்தெடிக் ஒயில், கையேடு சொல்லும் தடிப்பில், அதிகபட்சம் 2,500 கிலோமீற்றர். கார் பெரும்பாலும் பாடசாலைக்கும் கடைக்கும் மட்டும் போய் வருகிறதென்றால் கிலோமீற்றரைப் பார்க்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஒரு டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு இரண்டு கேன் ஒயில் கூடுதலாக வாங்குவது ஒன்றுமே இல்லை.

கேனில் ஏபிஐ எஸ்பி (API SP) என்ற தரம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2020 இல் வந்த இந்தத் தரத்துக்கும் நம் ஏற்றங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோலைத் தெளிக்கும் சின்ன டர்போ எஞ்சினில், குறைந்த சுற்றில் அதிக பாரம் விழும்போது, தீப்பொறி வரும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஒரு தடவை பலமாக நடந்தாலே பிஸ்டன் வெடிக்கலாம். அதைக் குறைக்கும்படி இந்த ஒயிலைத் தயாரிக்கிறார்கள். போலி ஒயிலும் சந்தையில் இருப்பதால் முகவரிடமே வாங்குங்கள். முத்திரையை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். வெறும் கேனையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

டிப்ஸ்டிக்கைப் படிப்பது

வாரம் ஒரு தடவை, காலையில், கார் சமதரையில் நிற்கும்போது. லயத்தின் ஓரம் சரிவாக நிறுத்தியிருந்தால் அளவு பொய் சொல்லும். ஒயில் மட்டத்தைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்து, நுனியை ஒரு வெள்ளைக் கடதாசியில் ஒற்றுங்கள். நல்ல ஒயில் வட்டமாக, தேன் நிறத்திலோ பழுப்பிலோ பரவும். நடுவில் கறுப்பாகத் தங்கி, சுற்றிலும் தண்ணீர் போல ஒரு வளையம் விரிந்தால் பெற்றோலோ ஈரமோ கலந்திருக்கலாம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெற்றோல் வாசம் தூக்கலாக அடித்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒயில் மட்டம் இறங்கினால் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஏறினாலும் கவலைப்பட வேண்டும். நானுஓயாவில் பனிக்குளிரில் ஸ்டார்ட் செய்து, இரண்டு கிலோமீற்றர் தள்ளிப் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து நிறுத்துகிறோம். எஞ்சின் சூடாகவே இல்லை. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரோடு வழிந்து ஒயிலுக்குள் இறங்குகிறது. சூடு ஏறாததால் ஆவியாகி வெளியேறவும் இல்லை. வாரக்கணக்கில் இப்படியே போனால் ஒயில் தண்ணியாகிவிடும். டர்போவின் தண்டைத் தாங்கும் படலம் மெலிந்துவிடும். குளிர்நாடுகளில் ஹொண்டாவின் 1.5 டர்போவில் இந்தப் பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்டது. 2018 இல் சீனாவில் வாகனங்களைத் திருப்பி அழைக்கும் அளவுக்குப் போனது. இதற்கு மருந்து எளிது. வாரத்தில் ஒரு நாளாவது காரை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். வெலிமடை வரையோ தலவாக்கலை வரையோ போய் வந்தால் போதும்.

ஏற்றம்

ஸ்டார்ட் செய்ததும் உறுமவிட வேண்டாம். அரை நிமிடம் விட்டு மெதுவாகக் கிளம்பி, முதல் சில கிலோமீற்றரை இலேசான மிதியில் ஓட்டுங்கள். தோட்டத்து வீட்டில் இருந்து கிளம்பியதுமே செங்குத்து என்றால், கீழ்க் கியரில் அவசரப்படாமல் ஏறுங்கள்.

பெரிய ஏற்றங்களில் பலர் செய்யும் ஒரு காரியம், பெற்றோல் மிச்சம் பிடிக்கலாம் என்று உயர் கியரிலேயே வைத்துக் காலைத் தரைவரை அழுத்துவது. மேலே சொன்ன அந்தத் தானாகப் பற்றும் ஆபத்து வருவது இந்த நேரத்தில்தான். எஞ்சின் 1,500 சுற்றில் திணறுவதைவிட 2,500க்கும் 3,000க்கும் இடையில் தாராளமாகச் சுழல்வது நல்லது. கையால் கியர் மாற்றும் கார் என்றால் இரண்டாவதற்கோ மூன்றாவதற்கோ இறங்குங்கள். சிவிடி (கியர் படிகள் இல்லாத தானியங்கி) என்றால் எஸ் (S) நிலைக்கு மாற்றுங்கள். டிக்கென்று கல் தட்டுகிற சத்தம் கேட்டால் உடனே காலைத் தளர்த்திக் கியரைக் குறைக்க வேண்டும்.

பெற்றோல் விஷயத்தில், ஜப்பான் உள்நாட்டுக்காகச் செய்த 660 சிசி டர்போக்கள் அந்நாட்டின் சாதாரண பெற்றோலுக்கு ஏற்றவை, நம் 92 அவற்றுக்குப் போதும். ஐரோப்பியக் கார்களின் டாங்கி மூடியில் 95 என்று போட்டிருந்தால் 95தான். மலைக்கு மேல் எல்லா பெற்றோல் செட்டிலும் 95 கிடைக்காது. கம்பளையிலோ ஹட்டனிலோ நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

அப்புறம், நிறுத்துவது. ரம்பொடை அருவியையோ சென் கிளயர் அருவியையோ பார்த்ததும் காரை ஓரங்கட்டி, உடனே எஞ்சினை அணைத்துவிட்டுப் படம் எடுக்க ஓடுகிறோம். டர்போவின் வெளியேற்றப் பக்கம் அப்போது பல நூறு பாகை சூட்டில் இருக்கும். எஞ்சின் நின்றதும் ஒயில் ஓட்டமும் நின்றுவிடும். தாங்கிக்குள் தேங்கிய ஒயில் அங்கேயே கருகிக் கரியாகப் படியும். நிறுத்தப் போகும் இடத்துக்கு ஒரு கிலோமீற்றர் முன்பே மிதியைக் குறைத்து, நின்றபின் ஒரு நிமிடம், கடும் ஏற்றம் ஏறி வந்திருந்தால் இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். நிற்கும் இடமெல்லாம் தானாக எஞ்சினை அணைக்கும் வசதி உள்ள காரில், மலையேறும்போது அந்த வசதியைப் பொத்தானை அழுத்தி நிறுத்தி வையுங்கள்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா வாகன நெரிசலில் சரிவில் ஊர்ந்து போக வேண்டிவரும். உலர் கிளச்சு வைத்த தானியங்கிக் கியர்ப் பெட்டிகளுக்கு, ஐரோப்பியச் சின்னக் கார்கள் பலவற்றில் இருப்பவை, இது பெரும் சோதனை. அக்சிலரேட்டரை இலேசாக மிதித்துக் காரைச் சரிவில் பிடித்து வைக்கவே கூடாது. கிளச்சு அரைந்து சூடேறும். பிரேக்கில் நில்லுங்கள், முன்னால் இடம் விட்டபின் ஒரே மூச்சில் நகருங்கள்.

இறக்கம்

உயிர் போகும் விஷயம் இது. இறக்கத்தில் டர்போ உதவாது. 660, 1000 சிசி எஞ்சின்கள் சின்னவை என்பதால் மிதியை விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடித்து மெதுவாக்கும் பிடிமானமும் குறைவு. ஏறும்போது பெரிய கார் போல இழுத்த வண்டி, இறங்கும்போது சின்ன எஞ்சின் வண்டியாகவே இருக்கிறது. பாரம் முழுவதும் பிரேக்கில் விழுகிறது.

நானுஓயாவில் இருந்து இறங்கும் ரதல்ல குறுக்கு வீதியையோ கினிகத்தேனை இறக்கத்தையோ தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். இடையில் குறைக்க நினைத்தால் காலம் கடந்துவிடும். சிவிடியில் எல் (L) அல்லது பி (B, நிறுத்தும் P அல்ல) நிலை இருந்தால் அதைப் போடுங்கள். பிரேக்கை நீளத்துக்கு மிதித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நன்றாக ஒரு தடவை மிதித்துக் காலை எடுத்துவிடுங்கள். எரிந்த வாசம் வந்தாலோ மிதி மெத்தென்று உள்ளே போனாலோ அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வளைந்துவிடும்.

பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் மலைகளில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஈரம் ஏறிய ஒயில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும்; ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவதைத் தள்ளிப்போடவே வேண்டாம். டயரில் 1.6 மில்லிமீற்றர் வரை பட்டன் (வெட்டுகளின் ஆழம்) இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. மழையும் பனிமூட்டமும் உள்ள நம் வீதிகளில் 3 மில்லிமீற்றருக்கு வந்ததுமே மாற்றச் சொல்வேன்.

கராஜ் தேர்வு

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனின் காரில் டர்போ போனது. ஒரு கராஜில் பழைய டர்போவைக் கழற்றி, கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இருந்து வாங்கி வந்த இன்னொன்றைப் பூட்டிக் கொடுத்தார்கள். சில மாதத்தில் அதுவும் ஊளையிடத் தொடங்கியது. வேறொரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனபோது அவர் டர்போவைத் தொடவே இல்லை. முதலில் அதற்கு ஒயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயைக் கழற்றினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே கரி படிந்து, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. "ஒயில் வராம எந்த டர்போண்ணே நிக்கும்?" என்று கேட்டார்.

கராஜ் தேடும்போது இதையே கேட்டுப் பாருங்கள்: "டர்போ மாத்தினா கூட வேற என்ன மாத்துவீங்க?" ஒயில் குழாய், அதன் போல்ட்டில் வலை இருந்தால் அந்த வலை, புதிய கேஸ்கட்டுகள், இன்டர்கூலரைக் கழுவுவது, புது ஒயிலும் ஃபில்டரும் என்று அவர் அடுக்கினால் நம்பிக் காரைக் கொடுக்கலாம். பாவித்த டர்போ வாங்க வேண்டிவந்தால் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைத்துப் பாருங்கள். முன்பின் ஆட்டம் தெரியவே கூடாது. பக்கவாட்டில் இலேசாக அசையலாம், இறக்கைகள் சுவரில் உரசக்கூடாது.

சின்னச் சின்ன விஷயங்கள்

மரக்கறித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் எலிகள் சூடான எஞ்சினைத் தேடி வரும். வயரையும் மெல்லிய வெற்றிடக் குழாய்களையும் கடித்துவிடும். அந்தக் குழாய் ஒன்று அறுந்தாலே டர்போ அழுத்தம் தாறுமாறாகும். வாரத்துக்கு ஒரு தடவை பொனட்டைத் திறந்து பார்த்தால் போதும். இன்டர்கூலர் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும் கார்களில் சேறும் சருகும் அடைத்துக்கொள்ளும்; மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். கூலன்டுக்குப் பதிலாக ஊற்றுத் தண்ணீர் விட வேண்டாம். தானாக அணையும் வசதி உள்ள காருக்கு அதற்கென்று செய்த பற்றரிதான் போட வேண்டும். சாதாரணப் பற்றரி குளிர்காலையில் கைவிட்டுவிடும். வருடாந்தப் புகைப் பரிசோதனையை எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையில் செய்யுங்கள். அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியும்.

கடைசியாக டாஷ்போர்ட் விளக்குகள். மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக் கராஜ் வரை போகலாம். அது சிமிட்டினால் சிலிண்டர் ஒன்று சரியாகப் பற்றவில்லை. மிதியை விட்டு ஓரங்கட்டுங்கள். சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் அடுத்த வளைவு வரைகூடப் போக வேண்டாம். பாதுகாப்பான ஓரம் கிடைத்ததும் எஞ்சினை அணைத்துவிடுங்கள், ஒரு நிமிடம் ஆறவிடுவதெல்லாம் அப்போது பொருந்தாது. பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, டிப்ஸ்டிக்கைப் பார்த்து, ஒயில் இல்லையென்றால் டிக்கியில் எப்போதும் வைத்திருக்கும் ஒரு லீற்றர் கேனை ஊற்றுங்கள். ஊற்றிய பின்னும் விளக்கு அணையவில்லை என்றால் கட்டியிழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.